காய்ச்சல் படத்துக்குள் வந்த கதிரை

சவளக்கடை ஊரை விட்டு நடந்துகொண்டிருந்தேன். வலது காலில் அரிவாள் பட்ட காயம். இடுப்பில் உடுத்தும் பழைய சாரனைக் கிழித்துக் கட்டியிருந்தேன். வயலில் நெல்வெட்டு இன்னும் முடியவில்லை. யாரும் என்னைத் துரத்தவும் இல்லை. காலையில் எழும்பி வரம்பில் நின்று பார்த்தபோது இனி இங்கே இருக்க முடியாது என்று தோன்றியது, மூட்டையைத் தூக்கிக்கொண்டேன். திருக்கோவில் கரையில் வலை இழுத்த வேலையை விட்டதும் அப்படித்தான். அதற்கும் முன்னால் ஐந்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டதும் அப்படித்தான். காரணம் கேட்டால் அன்றைக்கும் சொல்லத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது.

படம் காட்டும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே, இந்தத் தொழிலுக்குள் எப்படி வந்தீர்கள் என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் நான் வேறு கதைக்குத் தாவியிருக்கிறேன். உண்மை இதுதான். நடந்து வந்தேன், வழியில் ஒரு வண்டி மணலில் புதைந்து கிடந்தது.

கிட்டங்கி ஆற்றுத் துறையில் இடுப்பளவு தண்ணீரைக் கடந்து, மத்தியானம் மருதமுனைக் கடற்கரைப் பக்கம் வந்து சேர்ந்தேன். சாம்பல் நிற வான் வண்டி ஒன்று பின்சில்லு இரண்டும் மணலுக்குள் போய்க் குந்தியிருந்தது. அதைத் தள்ளிக்கொண்டிருந்தவர் நிந்தவூர்க்காரர். எல்லாரும் அவரை ட்ரைவர் காக்கா என்பார்கள், அண்ணனைக் காக்கா என்பது அந்தப் பக்கத்து வழக்கம். நான் நின்று பார்த்தேன்.

"டேய் தம்பி, என்ன பாத்துக்கிட்டு நிக்கிறாய்? படம் இன்னும் தொடங்கல்ல. கையக் குடு!"

கை கொடுத்தேன். வான் ஏறியதும் முன் ஆசனத்தில் இருந்து ஒருவர் இறங்கினார். வெள்ளைக் காற்சட்டை, கக்கத்தில் குடை. தள்ளும்போது அவர் இறங்கியிருந்தால் பாரம் குறைந்திருக்கும் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

"எஞ்சின் இழுக்கத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது ஐயா."

"நல்லது. தெரியுமெண்டு சொல்லி வந்தவன்தான் போன கிழமை கயித்த அறுத்தவன். ஏறு."

அவரை மாஸ்டர் என்றே எழுதுகிறேன். மட்டக்களப்புப் பக்கம் படிப்பித்துக்கொண்டிருந்து இந்த வேலைக்கு வந்தவர். அந்த வான் ஊர் ஊராகப் போய்ச் சுகாதாரப் படம் காட்டும். காய்ச்சல் பரப்பும் நுளம்பு, ஈ, குடலில் தொற்றும் கொழுக்கிப்புழு, கொதித்தாறிய நீர், இவைதான் எங்கள் கதாநாயகர்கள். படத்தில் பேச்சு இங்கிலீசில் வரும். ட்ரைவர் காக்கா அந்தச் சத்தத்தைக் குறைத்துவிடுவார், மாஸ்டர் மைக்கைப் பிடித்துத் தமிழில் சொல்வார். சொல்வார் என்பது போதாது. திரையில் ஒருவன் இருமினால், மாஸ்டர் சொல்லும் விதத்தில் கூட்டத்தில் பத்துப் பேர் இருமுவார்கள். அப்படி ஒரு குரலை நான் பிறகு கேட்டதில்லை. நான் மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் எஞ்சினைக் கயிறு இழுத்துக் கிளப்பினேன், படச்சுருள் சுற்றினேன், திரை கட்டினேன்.

அந்தக் கரையில் திரை கட்டுவதற்கு ஒரு முறை இருந்தது. மைதானத்தின் ஓரத்தில் கட்டக் கூடாது, நடுவில் கட்ட வேண்டும். படம் ஓட்டும் மெஷின் இருக்கும் பக்கம் ஆண்கள். திரைக்கு அந்தப் பக்கம் பெண்களும் சின்னப் பிள்ளைகளும். மெல்லிய துணி, அதனால் படம் ஊடுருவித் தெரியும். அவர்களுக்கு எல்லாம் இடம் வலம் மாறித் தெரியும், கொஞ்சம் மங்கலாகவும் தெரியும். ஆனால் ஒலிபெருக்கியை மாஸ்டர் அந்தப் பக்கம் திருப்பித்தான் வைப்பார். "ஆம்பிளைகள் பாக்கிறாங்கள், பொம்பிளைகள் கேக்கிறாங்கள். வீட்டில வேலை நடக்கிறது கேக்கிற பக்கத்தால" என்பார். இது உண்மை. இதை மறக்காதீர்கள், பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் இதுதான் அடித்தளம்.

கொழும்பிலிருந்து ஒரு தகரப் பெட்டி வந்தது. மலேரியாப் படம். முன்னோட்டம் பார்க்கும் வசதி எங்களிடம் இல்லை. இரவில் காட்டும்போதுதான் எங்களுக்கும் முதல் தடவை. மாஸ்டர் அதற்கெல்லாம் பயப்படமாட்டார். திரையில் வருவதைப் பார்த்துப் பார்த்தே அவருக்குச் சொல் வரும்.

இரவு இஷாத் தொழுகைக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று மருதமுனைப் பள்ளிவாசலில் கேட்டிருந்தார்கள். அந்தி மஃரிப் தொழுகை முடிந்ததும் தொடங்கினோம். ஒரு குடிசை. ஒரு பிள்ளை காய்ச்சலில் நடுங்குகிறது. தாய் கூடையை எடுத்துக்கொண்டு மருந்துக்குப் போகிறாள். அந்த இடத்தில் படம் திடீரென்று மாறியது. கறுப்புக் கோட்டால் வரைந்த படம் வந்தது. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அந்தக் காலத்துச் சுகாதாரப் படம் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு கோட்டுப் படம் வரும். நுளம்பின் ஊசி, இரத்தத்துக்குள் கிருமி பெருகுவது, இவற்றையெல்லாம் வரைந்து அசைத்துத்தான் காட்டுவார்கள். மாஸ்டர் நுளம்பு வரும் என்று காத்திருந்தார். நானும் காத்திருந்தேன்.

நுளம்பு வரவில்லை.

ஒரு அறை. ஒரு மேசை, பக்கத்தில் உட்கார ஒரு கதிரை, தரையில் ஒரு பாய். ஒரு தாய் கூடையோடு வெளியே போகிறாள், கதவு மூடுகிறது. ஒரு சிறுமி தனியாக நிற்கிறாள். அவள் கதிரையைப் பார்க்கிறாள். நெடுநேரம் பார்க்கிறாள், வேறொன்றும் நடக்கவில்லை. பிறகு மேசையிலிருந்து கதிரையை இழுக்கிறாள். கதிரை வர மறுக்கிறது. அவள் அதன் முதுகில் தட்டுகிறாள். கதிரை முன்னங்காலை மடக்கி, யோசித்து, ஒரு அடி வைக்கிறது.

தம்பிமாரே, இதை எப்படி உங்களுக்கு விளக்குவேன்? அது மாடு. ஆனால் வரைந்தவன் மாட்டை வரையவே இல்லை. கொம்பு இல்லை, காது இல்லை, வால் இல்லை. முதலிலிருந்து கடைசி வரைக்கும் அது நாலு காலும் சாய்மானமும் உள்ள கதிரைதான். நடைதான் மாடு. தயக்கம் மாடு. சிறுமி அதன் கீழே குந்தி ஒரு கோப்பையை வைத்துப் பால் கறக்கிறாள், ஒரு துளியும் விழவில்லை. அவள் குடித்துவிட்டு வாயைத் துடைக்கிறாள். பாய்க்கும் சுவருக்கும் நடுவில் உள்ள வெறும் நிலத்தில் கதிரை கால் வைக்கப் பயப்படுகிறது. அது ஆறு என்று அப்போதுதான் நமக்கு விளங்குகிறது. அவள் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முதலில் இறங்குகிறாள், திரும்பிக் கூப்பிடுகிறாள். கோடு எல்லாம் சும்மா நிற்காமல் நடுங்கிக்கொண்டே இருந்தது, மூச்சு விடுவதுபோல. பின்னால் ஏதோ ஒரு குழல் மட்டும் ஊதியது. பேச்சே இல்லை.

பேச்சு இல்லாததுதான் வினையாகிப் போனது. மாஸ்டர் மைக்கைக் கையில் பிடித்தபடி திரையைப் பார்த்தார். அவர் மௌனமாக நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். கூட்டம் சலசலத்தது. அவருக்கு வழி பிறந்துவிட்டது.

"பாருங்கோ சனங்களே! காய்ச்சல் தலைக்கு ஏறிட்டுது. அந்தப் பச்சைப் பிள்ளைக்கு இப்ப கதிரையும் மாடாத் தெரியுது! தரையும் ஆறாத் தெரியுது! ஐயோ, தாய் எங்க? மருந்து எங்க?"

திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள் அழத் தொடங்கினார்கள். அவர் குரல் இன்னும் ஏறியது. பிறகு கோட்டுப் படம் முடிந்து குடிசை திரும்பி வந்தது. தாய் மருந்தோடு வருகிறாள். "ஒனக்கு ஒண்டுமில்ல மகள், ஒண்டுமில்ல" என்கிறாள். பிந்திவிட்டது. பிள்ளையைப் பாயில் சுற்றித் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

மாஸ்டரைத் தவறாக நினைக்காதீர்கள். அவர் சொன்னது அத்தனை பொருத்தமாக இருந்தது. அங்கேயும் கூடையோடு போகும் தாய், இங்கேயும் கூடையோடு போகும் தாய். எனக்கும் சின்ன வயதில் அந்தக் காய்ச்சல் வந்தது. கூரை வளை எருமைபோல இறங்கி வந்தது எனக்கு நினைவிருக்கிறது. நான் அவரை முழுக்க நம்பினேன். படம் முடிந்ததும் ஆட்கள் வந்து அவர் கையைப் பிடித்துப் பேசினார்கள். வீட்டுக்கு நுளம்பு மருந்தடிக்க ஆட்கள் வந்தால் கதவைத் திறந்து விடுகிறோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். இதுவரை நடந்த காட்சிகளில் இதுதான் திறம் என்று ட்ரைவர் காக்காவே சொன்னார். அவர் லேசில் யாரையும் புகழமாட்டார்.

சில நாட்கள் சாய்ந்தமருது, கல்முனைக்குடி என்று காட்டிவிட்டு இரவில் மருதமுனைப் பள்ளிக்கூட விறாந்தையில் வந்து படுப்போம். அந்தக் காய்ச்சல் படத்தை வேறெங்கும் காட்டவில்லை, அந்த ஊர்களுக்குப் புழுப் படம் என்று எழுதியிருந்தது. ஒரு காலையில் நெசவுக்காரர் ஒருவர் வந்தார். உதுமான் என்று பெயர். விரல் நுனியெல்லாம் நீலச் சாயம்.

"மாஸ்டர், நீங்க ஒருக்கா எங்கட ஊட்ட வரணும். எங்கட புள்ள மௌத்தாகப் போறன் எண்டு படுத்துக் கிடக்கிறா."

பிள்ளை சாகப்போவதாகச் சொல்வதைக் கேட்டு மாஸ்டர் பதறிவிட்டார். "காய்ச்சலா? ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போகல்லயா?"

"கொண்டு போனம். அப்போதிக்கரி தொட்டுப் பாத்தார், ரத்தமும் எடுத்தார். ஒண்டுமில்ல எண்டுட்டார். அவ நம்புறா இல்ல. தின்னுறாவும் இல்ல. நேத்தையிலிருந்து தண்ணி குடுத்தாலும் வாயத் தொறக்கிறா இல்ல."

"அப்ப என்ன வருத்தம்?"

உதுமான் தலையைச் சொறிந்தார். சொல்ல வெட்கப்பட்டதுபோல் இருந்தது.

"எங்கட தறிக்கொட்டில்ல நாலு பேர் இரிக்கக்கூடிய ஒடஞ்ச பலகை வாங்கு ஒண்டு கிடக்கு மாஸ்டர். அவக்கு அது பஸ். நாள் முழுக்க ஓட்டுவா. 'நீலாவணை எறங்கு, கல்லாறு எறங்கு' எண்டு தறி நெய்யிறவனெயும் எழுப்பி விடுவா. நாங்க சிரிப்பம். அண்டைக்கிப் படம் பாத்துட்டு வந்தா. காலையில அந்த வாங்கப் பாத்து நிண்டா. மறுகா உம்மாக்கிட்டப் போய்ச் செல்லியிருக்கா: 'உம்மா, எனக்கு இன்னம் அது பஸ்ஸாத்தான் தெரியிது. எனக்கும் தலைக்கேறிட்டு' எண்டு. படுத்தவதான்."

ட்ரைவர் காக்கா முதலில் சிரித்தார், பிறகு யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மாஸ்டர் உடனே குடையை எடுத்தார், நானும் பின்னால் போனேன். அந்தச் சிறுமி பெயர் ஸீனத். ஆறேழு வயது இருக்கும். பாயில் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. தாய் ஆசியா பக்கத்தில் இருந்து கஞ்சிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள், நெடுநேரம் அப்படியே வைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும், கஞ்சியில் ஆடை படிந்திருந்தது. மாஸ்டர் குந்தி, மேடைக் குரலைத் தாழ்த்தி, மெதுவாகச் சொன்னார்:

"ஒனக்கு ஒண்டுமில்ல மகள். ஒண்டுமில்ல."

சிறுமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அந்தப் புள்ளைக்கிம் இப்பிடித்தானே செல்லிச் செல்லி மௌத்தாக்கினீங்க?"

திரும்பி வரும் வழியெல்லாம் மாஸ்டர் வெயிலில் குடையை விரிக்காமலே நடந்தார். விறாந்தையில் குந்தியதும் சொன்னார்: "என்ட சொல்லாலேயே என்னெ மடக்கிட்டாள்." பிறகு தகரப் பெட்டியைத் திறந்து படச்சுருளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்தக் கோட்டுப் படம் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் ஒட்டுப் போட்டிருந்தது. கொழும்பில் யாரோ ஒட்டும்போது மாறிப் போயிருக்கலாம். வேறு எங்கோ போக வேண்டிய படம் எங்கள் காய்ச்சலுக்குள் வந்துவிட்டது. அல்லது வேண்டுமென்றே ஒட்டினார்களா? அதுவும் இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. தலைப்பு எழுத்து ஒன்றும் இல்லை. எந்த நாட்டுப் படம், யார் வரைந்தது, ஒன்றும் இல்லை.

"இண்டைக்கி ராவு மைக்கில ஒரு வார்த்தை சொல்லிருங்களன் மாஸ்டர், அது வேற படமெண்டு" என்றேன்.

"சொல்லலாம். மருந்தடிக்கிறவங்கள் வாற கிழமை வாறாங்கள். சுவர் பழுதாப் போகும், பூனை செத்துப் போகும் எண்டு பாதிச் சனம் கதவப் பூட்டிக்கொண்டு இருந்தது. அண்டைக்குத்தான் மனம் மாறினவங்கள். மாஸ்டர் காட்டின படம் பிழை எண்டு மாஸ்டரே சொன்னா, நுளம்பும் பிழை எண்டுதான் போவாங்கள். போன மாரி மழைக்கு இந்தக் கரையில காய்ச்சலால எத்தனை பிள்ளையப் பாயில சுத்தித் தூக்கினாங்கள் எண்டு ஒனக்குத் தெரியுமா?"

"அப்ப இந்தப் பிள்ளை?"

"அதுதான் எனக்கும் தெரியல்ல" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "மெஷின வீட்டுக்குள்ள கொண்டு போய்க் காட்டவும் எங்களுக்கு உத்தரவு இல்ல. இனி என்னெக் கேக்காத." குடையை விரித்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டார். சாவி வானிலேயே தொங்கியது.

நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? இதை எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். அவர் சொன்னது சரி. ஒரு பிள்ளைக்காக ஊரின் கதவைப் பூட்ட வைக்கலாமா? ஆனால் ஊர் என்பது எங்கோ இருந்தது, வெடித்த உதடு கண்முன்னால் இருந்தது. நான் பெரிதாக யோசித்து முடிவெடுத்தேன் என்று சொன்னால் நம்பாதீர்கள். வயலை விட்டு எழும்பி நடந்ததுபோல எழும்பினேன், அவ்வளவுதான்.

"நான் நித்திரை" என்றார் ட்ரைவர் காக்கா, கண்ணைத் திறந்துகொண்டே. "நித்திரைக்காரனுக்குக் கண் தெரியுமா? எஞ்சினுக்கு எண்ணெய் குறைவா இரிக்கி, பாத்து ஊத்து. லென்சத் தொடாத, உன்ட கையெல்லாம் சேறு."

உதுமானைக் கூட்டி வந்து, அவருடைய கைவண்டியில் மெஷினையும் எஞ்சினையும் ஏற்றிப் போனோம். பட்டப்பகல். படத்துக்கு இருட்டு வேண்டும். தறிக்கொட்டிலின் வாசலிலும் ஓலைச் சுவர் இடுக்கிலும் நெய்து அடுக்கியிருந்த சாரன்களை எடுத்து எடுத்துத் தொங்கவிட்டார்கள். பச்சைக் கட்டம், நீலக் கட்டம், கத்தரிப்பூக் கட்டம் என்று வெயில் துணிக்கூடாகக் கசிந்து வந்து உள்ளே இருந்தவர்களின் முகத்தில் விழுந்தது. இன்னும் மடித்துப் போட்டார்கள், ஒரு வழியாக இருட்டாயிற்று. செய்தி எப்படிப் பரவியதோ, அக்கம்பக்கத்துப் பெண்களும் நெசவுக்காரர்களும் வந்து நிறைந்துவிட்டார்கள். நடுவில் திரை கட்ட இடமில்லை, சுவரோடு கட்டினேன். அன்றைக்குப் பெண்களும் மெஷின் இருந்த பக்கத்திலேயே இருந்தார்கள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார்கள், யாரும் தடுக்கவில்லை. ஸீனத்தைப் பாயோடு தூக்கி வந்து முன்னால் கிடத்தினார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

விரலால் தடவித் தடவி ஒட்டைக் கண்டுபிடித்தேன். அந்தக் கோட்டுப் படத்தை மட்டும் ஓட்டினேன். மைக்கை நான் கொண்டு போகவில்லை.

கூடையோடு தாய் போகிறாள், கதவு மூடுகிறது, சிறுமி கதிரையைப் பார்க்கிறாள். கொட்டிலுக்குள் குழல் சத்தமும் வெளியே எஞ்சின் சத்தமும்தான்.

"கதைங்க தம்பி" என்றார் ஒருவர்.

நான் கதைக்கவில்லை.

"என்னெண்டு செல்லுங்களன், எங்களுக்கு வெளங்கல்ல!"

"இவனுக்கே வெளங்கல்ல போல, மாஸ்டர் வரல்லயா?"

"படம் காட்ட வந்தவன் ஊமையா நிண்டா எப்பிடி?"

உதுமானே என் காதுக்குள் வந்து கெஞ்சினார்: "ஏதாச்சும் நல்லதாச் செல்லுங்க தம்பி. பொய்யெண்டாலும் பரவால்ல." சொல்லலாம்தான். இது விளையாட்டு, பயப்படாதே மகள் என்று சொல்லலாம். ஆனால் நான் என்ன சொன்னாலும் அது மாஸ்டரின் குரலுக்கு எதிரே இன்னொரு குரல். அவள் எதை நம்புவாள்? அதைவிடப் பெரிய சங்கடம், எனக்கு மெய்யாகவே அது என்ன படம் என்று தெரியாது. வாயை இறுக்கிக்கொண்டேன். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. சத்தம் அடங்கியதும்தான் ஸீனத் கண்ணைத் திறந்தாள் என்று பிறகு ஆசியா சொன்னாள்.

முதல் இரவில் மாஸ்டரின் குரலுக்குக் கீழே நாங்கள் யாரும் கவனிக்காத ஒன்று கடைசியில் இருந்தது. கதிரை ஆற்றைக் கடந்துவிடுகிறது. எங்கோ தூரத்தில் காலடிச் சத்தம் கேட்கிறது. சிறுமி காதைக் கூர்மையாக்குகிறாள். உடனே கதிரையைத் தூக்கி, மேசைக்குக் கிட்டக் கொண்டு வந்து, இருந்த இடத்திலேயே வைக்கிறாள். கொஞ்சம் கோணலாக இருக்கிறது என்று நேராக்குகிறாள். கோப்பையையும் எடுத்து வைக்கிறாள். தாய் உள்ளே வருகிறாள், களைத்துப்போய்க் கதிரையில் குந்துகிறாள். அவள் கை, தன்பாட்டில், கதிரையின் சாய்மானத்தை மேலிருந்து கீழே ஒருமுறை தடவுகிறது. மாட்டின் கழுத்தைத் தடவுவதுபோல. படம் முடிந்தது.

"திருப்பிப் போடுங்க" என்று ஒரு சத்தம். ஸீனத்தின் வறண்ட குரல்.

சுற்றித் திரும்பப் போட்டேன். இப்போது அவள் எழுந்து குந்தியிருந்தாள். காலடிச் சத்தம் வந்த இடத்தில் கையை நீட்டினாள்.

"உம்மா, பாருங்க. அவ கதிரையத் திருப்பி வெக்கிறா."

"ஓம் கிளி, வெக்கிறா."

"நேராவும் வெக்கிறா. அது கதிரையெண்டு அவக்குத் தெரியும்."

அவள் தாயின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"காய்ச்சல்காரிக்கித் தெரியாதே. இவக்குத் தெரியுமே. எனக்கும் வாங்கெண்டு தெரியுமே!"

பின்வரிசையில் ஒரு கிழவர், "அப்ப அந்த மாஸ்டர் என்னத்தச் செல்லி எங்கள அழவெச்சான்?" என்றார். இன்னொருவர், "இது வேற புள்ள, அது வேற புள்ள" என்றார். "ரெண்டும் ஒண்டுதான், மொதல்ல சுகமா இரிந்தா, மறுகா காய்ச்சல் வந்த" என்று ஒரு பெண் சொன்னாள். தர்க்கம் கிளம்பியது. இந்தச் சத்தத்துக்குள் ஸீனத் தாயிடம் கேட்டதை நான் மட்டும்தான் கேட்டேன் என்று நினைக்கிறேன்: "அந்த உம்மாக்கும் மாடு தெரியுமா?" ஆசியா கஞ்சிக் கோப்பையை எடுத்தாள். இத்தனை வருடமாக நானும் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தத் தாய் கதவுக்கு வெளியே நின்று பார்த்தாளா? அவளும் சின்ன வயதில் அதே கதிரையை மேய்த்தவளா? அல்லது களைத்த கை சும்மா தடவியதா? படம் அதைச் சொல்லவில்லை.

ஆசியா கஞ்சிக் கோப்பையை நீட்டினாள். சிறுமி குடித்தாள், கோப்பைக்கு மேலாலே கண்ணைச் சுழற்றிக்கொண்டு. சட்டென்று நிறுத்தி, ஓரத்து வாங்கில் இடம் பிடித்து இருந்த மூன்று பேரைப் பார்த்தாள்.

"ஆரக் கேட்டு ஏறினீங்க? டிக்கட் எங்க?"

கொட்டில் முழுக்கச் சிரித்தது. உதுமான் சிரிக்கவில்லை. சாரன் ஒன்றைப் பிடித்துக்கொண்டு முகத்தை அதற்குள் வைத்துக்கொண்டார்.

அப்போது வாசல் சாரன் விலகியது. வெயில் உள்ளே பாய்ந்தது. குடையோடு மாஸ்டர் நின்றார். எவ்வளவு நேரமாக வெளியே நின்றார் என்று தெரியாது. எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. அந்தக் கிழவர் எழும்பி அவரிடம் நேரே கேட்டார்:

"மாஸ்டர், அண்டைக்கி நீங்க செல்லினது மெய்யா, பொய்யா?"

இந்தக் கேள்விக்குத்தான் அவர் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தார். அவர் குடையை மடக்கினார். மெதுவாக மடக்கினார், கம்பி கம்பியாக.

"காய்ச்சல் மெய். நுளம்பு மெய். இந்தக் கதிரை எனக்கு வெளங்கல்ல. வெளங்காததுக்கு நான் வாயத் திறந்திருக்கக் கூடாது."

அதற்கு யாரும் ஏசவில்லை. கிழவர் தலையை ஆட்டினார், ஆனால் எதற்காக ஆட்டினார் என்று எனக்கு விளங்கவில்லை. அடுத்த கிழமை மருந்தடிக்க வந்தவர்களுக்குக் கதவு திறந்ததா, பூட்டியதா என்றும் எனக்குத் தெரியாது. அப்போது நான் அங்கே இல்லை. பிறகு பலரிடம் விசாரித்தேன். சிலர் திறந்தார்கள் என்றார்கள், சிலர் இல்லை என்றார்கள். ஆளுக்கு ஒரு தெருவை நினைத்துச் சொன்னார்கள்போல.

மெஷினைத் திரும்ப வானில் ஏற்றியபோது மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். முதலில் அந்தக் கோட்டுப் படத்தை வெட்டி எடுத்து, காய்ச்சல் படத்தை ஒழுங்காக ஒட்டச் சொன்னார். ஒட்டினேன். வெட்டிய துண்டைச் சுற்றி ஒரு கடதாசியில் வைத்து அதே தகரப் பெட்டிக்குள் போட்டோம். அது கொழும்புக்குப் போயிற்று. அதன் பிறகு அதை நான் காணவில்லை. பின்னாளில் பெரிய தியேட்டர்களில் வேலை செய்தேன், படச்சங்கத்துக்காரர்கள், வெளிநாட்டுத் தூதுவராலயத்தில் படம் கொடுக்கிறவர்கள் எல்லாரிடமும் கேட்டேன். மாடாக நடக்கும் கதிரை, கொம்பே வரையாத மாடு என்று கையால் நடந்தும் காட்டினேன். ஒருவருக்கும் தெரியவில்லை. நான் பார்த்த படங்களிலேயே சிறந்தது அதுதான் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். சில நேரம் எனக்கே சந்தேகம் வருகிறது. ஆனால் அந்தக் கோணலை நேராக்கிய கை, அதை நான் கற்பனை செய்திருக்க முடியாது.

"நீ செய்தது சரி" என்றார் மாஸ்டர், அன்றைக்குப் பெட்டியை மூடியதும்.

"ஓம் ஐயா."

"ஆனா நாளைக்கு வராத. உத்தரவில்லாம மெஷின் எடுத்தவன வெச்சிருந்தா, அடுத்த முறை எடுக்கிறவனும் சரியாத்தான் எடுப்பான் எண்டு நான் எப்பிடி நம்புறது?"

சரி என்று சொல்லிவிட்டு வேலையை விட்டும் நீக்குகிறார். அன்றைக்கு இது எனக்கு விளங்கவே இல்லை. பின்னாளில் எனக்குக் கீழே ஆட்கள் வேலை செய்தபோது பாதி விளங்கியது. மறுபாதி நீங்கள் விளங்கிக்கொண்டால் எனக்கும் சொல்லுங்கள்.

அன்று இரவு கடற்கரையில் ஒரு தோணியோரம் படுத்தேன். மறுநாள் காலை கல்முனைச் சந்திக்குப் போனேன். தகரக் கொட்டகையில் புதிதாகப் படம் காட்டத் தொடங்கிய முதலாளி ஒருவர் ஆள் தேடிக்கொண்டிருந்தார். இந்திப் படமும் இங்கிலீசுப் படமும்தான் அவருக்கு மலிவாகக் கிடைத்தன. சனங்களுக்குப் பாஷை தெரியாது. திரைக்குப் பக்கத்தில் நின்று மைக்கில் கதை சொல்ல ஒருவன் வேண்டும்.

"நல்லாக் கதைப்பியா?" என்று கேட்டார்.

"கதைப்பன். எனக்கு வெளங்காத இடத்தில கதைக்கமாட்டன்."

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "சும்மா நிக்கிறத்துக்குமாடா நான் சம்பளம் தரணும்?"

"ஓம் முதலாளி. அதுக்கும் சேத்துத்தான்."

தலை பிசகிய விசரன் என்று நினைத்திருப்பார். ஆனால் வேறு ஆள் வரவில்லை. அன்றைக்கே மைக்கை என் கையில் தந்தார்.